தீர்ப்பை விமர்சித்து எழுதினால் நீதிமன்ற அவமதிப்பா?

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன் நான். தீர்ப்புகளைப் பற்றியும் நீதிபதிகளைப் பற்றியும் தமிழில் தொடர்ந்து எழுத ஆசை. "அவமதிப்பு வழக்கு வரும், வம்பை விலைக்கு வாங்காதே" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? நாளை வழக்கறிஞராகப் பதிவுசெய்த பிறகும் எழுத முடியுமா?

பதில்: தாராளமாக எழுதலாம். தீர்ப்பு தவறு என்று எழுதலாம். முன் தீர்ப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், சாட்சியத்தை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார்கள், சட்டப் பிரிவுக்கு அது சொல்லாத பொருளைச் சொல்லியிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதலாம். உங்கள் வீட்டார் பயப்படும் இடத்தில் ஆபத்து குறைவு. அவர்கள் நினைத்துப் பார்க்காத வேறு இடங்களில்தான் எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். இருந்தாலும் அந்தப் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

1971 ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இரண்டு வகை அவமதிப்பைச் சொல்கிறது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுவது சிவில் அவமதிப்பு. எழுதுகிறவர்களுக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. மற்றது குற்றவியல் அவமதிப்பு, பிரிவு 2(சி). நீதிமன்றத்தை இழிவுபடுத்துவது அல்லது அதன் அதிகாரத்தைத் தாழ்த்துவது, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் குறுக்கிடுவது, நீதி நிர்வாகத்துக்கு வேறு வகையில் தடையாக இருப்பது என்று அதற்கு மூன்று கிளைகள். முதல் கிளையின் சொற்கள் மிகவும் அகலமானவை. யாரை வேண்டுமானாலும் அதற்குள் இழுத்துவிடலாம் போலத் தோன்றும். அதே சட்டத்தில் அடுத்தடுத்து வரும் பிரிவுகளைப் பலரும் படிப்பதில்லை. நீதிமன்ற நடவடிக்கையை நியாயமாகவும் சரியாகவும் செய்தியாக்குவது அவமதிப்பு ஆகாது என்கிறது பிரிவு 4. விசாரித்து இறுதியாக முடிக்கப்பட்ட வழக்கின் தகுதி குறித்து நியாயமான விமர்சனம் வெளியிடுவது அவமதிப்பு ஆகாது என்கிறது பிரிவு 5. நீதி பரிபாலனத்தில் கணிசமாகக் குறுக்கிட்டிருந்தால் ஒழியத் தண்டனை கூடாது என்கிறது பிரிவு 13. 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பொதுநலன் கருதியும் நல்லெண்ணத்துடனும் சொல்லப்பட்ட உண்மையை எதிர்வாதமாக ஏற்கவும் நீதிமன்றத்துக்கு வழி உண்டு. தண்டனையும் அதிகபட்சம் ஆறு மாத வெறுங்காவல், அல்லது ரூ.2,000 அபராதம், அல்லது இரண்டும்தான்.

கோபம் கொண்டவர் எவரும் நேராகப் போய் உங்கள் மீது குற்றவியல் அவமதிப்பு வழக்குப் போட்டுவிடவும் முடியாது. பிரிவு 15-இன்படி மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்; உச்ச நீதிமன்றம் என்றால் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் அல்லது சொலிசிட்டர் ஜெனரலின் ஒப்புதல். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும் என்பது பிரிவு 20. ஆனால் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுக்கும் வழக்குக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. பெயர் பெற்ற அவமதிப்பு வழக்குகளில் சில அந்த வழியாக வந்தவை.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறையில் கோடு எங்கே விழுந்திருக்கிறது? இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் படியுங்கள். 1967-இல் கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு பத்திரிகையாளர்களிடம், நீதிபதிகள் வர்க்கச் சார்பு உடையவர்கள் என்றார். சாட்சியம் இருபக்கமும் சமமாக இருந்தால் நன்றாக உடுத்திய பணக்காரர் பக்கமே நீதிபதியின் மனம் இயல்பாகச் சாயும் என்றார். உயர் நீதிமன்றம் ரூ.1,000 அபராதம் விதித்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து அபராதத்தை மட்டும் ரூ.50 ஆகக் குறைத்தது. மார்க்ஸை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தீர்ப்பிலேயே பாடமும் நடத்தியது. (மார்க்சியவாதிக்கு மார்க்சியம் கற்பித்த தீர்ப்பு என்ற சுவைக்காகவாவது அதை ஒருமுறை படிக்கலாம்.) சுமார் 20 ஆண்டுகள் கழித்து மத்திய சட்ட அமைச்சர் பி. சிவசங்கர் ஹைதராபாத்தில் பேசினார். அந்நியச் செலாவணி மோசடிக்காரர்களும் மணமகளை எரித்தவர்களும் உச்ச நீதிமன்றத்தில் புகலிடம் கண்டிருக்கிறார்கள் என்கிற அளவுக்குப் போனது அந்தப் பேச்சு. சூட்டில் முன்னதற்குக் குறைந்ததல்ல. 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை அவமதிப்பு இல்லை என்றது.

ஆக, கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலத்தையும் அமர்வையும் பொறுத்து நகர்கிறது. 2002-இல் அருந்ததி ராய்க்கு ஒரு நாள் அடையாளச் சிறையும் ரூ.2,000 அபராதமும் விதித்தார்கள். தமக்கு நோட்டீஸ் அனுப்பியதே விமர்சனத்தை அடக்கும் மனப்போக்கைக் காட்டுகிறது என்று பதில் மனுவில் அவர் எழுதியிருந்தார். 2020-இல் இரண்டு ட்விட்டர் பதிவுகளுக்காக வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு அபராதம் ஒரு ரூபாய். 2022 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, உயர் நீதித்துறை முழுவதும் ஊழல் மலிந்தது என்ற பொருளில் யூடியூப் பேட்டியில் பேசியதற்காக சவுக்கு சங்கருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. ஒரு ரூபாய்க்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைச் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு விளக்க முடியாது. என் சொந்தக் கருத்து, 'இழிவுபடுத்துதல்' என்ற கிளையே சட்டத்தில் இருக்கக் கூடாது. இங்கிலாந்து 2013-இல் அதை நீக்கிவிட்டது. நம் சட்ட ஆணையமோ 2018-இல் இங்கே இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கும்வரை, அது இருப்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டியதுதான்.

தண்டனை பெற்ற பேச்சுகளைக் கூர்ந்து பார்த்தால், திரும்பத் திரும்பத் தென்படுவது உள்நோக்கம் கற்பித்தல். வழக்கறிஞர்கள் கூடும் பார் அறைகளில் அன்றாடம் அடிபடும் வாசகம் இது: தீர்ப்பை விமர்சிக்கலாம், தீர்ப்புக்கு உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது. ஒரு கற்பனை வழக்கை வைத்துச் சொல்கிறேன். நிலம் கையகப்படுத்திய வழக்கில் இழப்பீட்டைக் குறைத்துத் தீர்ப்பு வந்திருக்கிறது. ஒருவர் எழுதுகிறார்: "கம்பெனிக்குச் சாதகமாக எழுதப்பட்ட தீர்ப்பு. ஏன் என்பது ஊருக்கே தெரியும்." இன்னொருவர் எழுதுகிறார்: "அதே கிராமத்தில் அறிவிப்பாணைக்கு எட்டு மாதம் முந்தைய கிரயப் பத்திரம் ஒன்றை உரிமையாளர்கள் தாக்கல் செய்திருந்தார்கள். தீர்ப்பின் 14 ஆவது பத்தி அதைக் குறிப்பிடுகிறது. ஏன் ஒதுக்கப்பட்டது என்று எந்தப் பத்தியும் சொல்லவில்லை. அதைக் கணக்கில் எடுத்திருந்தால் சென்ட் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும்." இரண்டாவதுதான் கடுமையான தாக்குதல். மேல்முறையீட்டில் எடுத்து வைக்கக்கூடிய அளவுக்குக் கடுமையானது. அவமதிப்பின் நிழல்கூட அதன் மேல் விழாது. முதலாவதில் தகவல் என்று எதுவுமே இல்லை. எழுதியவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

லஞ்சம் வாங்கியதற்கு உண்மையிலேயே ஆதாரம் கையில் இருந்தால்? அது கட்டுரை எழுதுவதற்கு முன்னால் புகாராகப் போக வேண்டிய விஷயம். கீழமை நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்துடன் கொடுக்கும் புகாரைப் பிரிவு 6 வெளிப்படையாகவே காப்பாற்றுகிறது.

நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிரிவு 3-க்கு ஒரு விளக்கம் இருக்கிறது. குற்ற வழக்கு எப்போது 'நிலுவை' ஆகிறது, எப்போது முடிகிறது என்பதை அது சொல்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ, நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ பிறப்பித்தாலோ நிலுவை தொடங்குகிறது. மேல்முறையீடு முடியும்வரை, அல்லது மேல்முறையீட்டுக்கான காலக்கெடு தீரும்வரை நீடிக்கிறது. இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு எதையும் பல ஆண்டுகளுக்குத் தொட முடியாது. நடைமுறை அப்படி இல்லை. மேல்முறையீட்டில் இருக்கும் தீர்ப்பின் சட்டக் கேள்விகளை நாளேடுகள் அலசிக்கொண்டுதான் இருக்கின்றன, யாரும் தடுப்பதில்லை. விசாரணை நடக்கும்போது 'இவன்தான் கொலைகாரன்' என்று முடிவு சொல்வது, சாட்சி பொய் சொல்கிறார் என்று கூண்டில் ஏறும் முன்பே எழுதுவது, இவைதான் ஆபத்து. குறிப்பிட்ட வழக்கின் செய்தியைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று 2012-இல் சஹாரா வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. எழுதத் தொடங்கும் முன் அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி, உங்கள் வீட்டார் நினைத்துப் பார்க்காத இடத்துக்கு வருகிறேன். நீதிமன்றத்தைப் பற்றி எழுதுகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் துணிச்சல் அல்ல. உத்தரவைப் படிக்காமல் எழுதுவதுதான். 'நீதிபதிகள் சரமாரிக் கேள்வி', 'அரசுக்குக் குட்டு', 'நீதிபதி காட்டம்' போன்ற தலைப்புகள் எல்லாம் விசாரணையின்போது வாய்மொழியாக வந்த சொற்களில் இருந்து பிறப்பவை. மாலையில் கையெழுத்தாகும் உத்தரவில் அவற்றில் ஒரு வார்த்தைகூட இருக்காது. நீதிபதி இருபக்கத்தையும் சோதித்துப் பார்க்கக் கேள்வி கேட்பார். கேள்விக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது என்று எண்ணுவது வழக்காடிப் பழக்கமில்லாதவர்கள் செய்வது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது, தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அமர்வு வாய்மொழியாகச் சொன்னது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது. எழுத்து வடிவ உத்தரவில் அது இல்லை. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சொற்கள் கடுமையானவை, உவமை பொருத்தமற்றது என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உத்தரவிலேயே இல்லாததை நீக்கச் சொல்லும் கேள்வி எழவில்லை என்றது. விசாரணையில் நடக்கும் உரையாடலைச் செய்தியாக்கும் உரிமை ஊடகங்களுக்கு உண்டு என்பதையும் உறுதிசெய்தது. எனவே வாய்மொழிக் கருத்தைத் தயங்காமல் எழுதுங்கள். 'விசாரணையின்போது சொன்னது' என்ற அடையாளத்தோடு எழுதுங்கள். 'உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது' என்று அதன் மேல் ஒட்டிவிடாதீர்கள்.

எழுத்தில் வந்த உத்தரவையும் சரியாகப் படிக்க வேண்டும். நம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுக்கள் மிக அடிக்கடி முடியும் விதம் இது: மனுதாரரின் கோரிக்கை மனுவை இரண்டாம் எதிர்மனுதாரரான தாசில்தார் பரிசீலித்து, சட்டத்துக்கு உட்பட்டும் தகுதியின் அடிப்படையிலும், 12 வாரங்களுக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும், வழக்கின் தகுதி குறித்து இந்த நீதிமன்றம் எக்கருத்தும் தெரிவிக்கவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது. மறுநாள் செய்தியில் 'ஆக்கிரமிப்பை 12 வாரங்களில் அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவு' என்று இருக்கும். நீதிமன்றம் அகற்றச் சொல்லவே இல்லை. தாசில்தாரை ஒரு முடிவெடுக்கச் சொன்னது. அந்த முடிவு 'அகற்ற முடியாது' என்றும் இருக்கலாம். அதேபோல நோட்டீஸ் அனுப்புவது, எதிர்த்தரப்பைப் பதில் சொல்லக் கூப்பிடுவது மட்டுமே. அதில் வெற்றியும் இல்லை, தடையும் இல்லை. இடைக்காலத் தடை என்றால் கீழ் உத்தரவு தூங்குகிறது என்று பொருள், ரத்தாகிவிட்டது என்று அல்ல.

இவற்றைவிட அதிகம் பேர் விழும் குழி சிறப்பு அனுமதி மனு, அதாவது மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் போடும் மனு. உச்ச நீதிமன்றம் அதை அனுமதி கட்டத்திலேயே ஒற்றை வரியில் தள்ளுபடி செய்தால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை 'உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி அல்ல, காரணம் சொல்லாத தள்ளுபடிக்கு, இந்த மேல்முறையீட்டை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை என்று குஞ்ஞயம்மது வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. காரணம் சொல்லித் தள்ளுபடி செய்தால் நிலைமை வேறு. அதில் சொன்ன சட்டம் அரசியல் சாசனத்தின் 141 ஆவது உறுப்பின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். வழக்கறிஞர்களே தடுமாறும் இடம் இது. இதைச் சரியாக எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தால் உங்களை நீதிபதிகளும் படிப்பார்கள்.

உத்தரவைத் தேடுவது இப்போது கடினம் இல்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தெண் கொண்ட சிஎன்ஆர் அடையாளம் உண்டு. அது கிடைத்தால் வாய்தா வாரியாக வழக்கின் பயணத்தைப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டு 2023 முதல் இ-எஸ்சிஆர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. தீர்ப்பின் வாசகத்தை எடுத்துப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு அனுமதிக்கிறது. தனியார் சட்ட இதழ்கள் தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக எழுதும் தலைக்குறிப்பை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள்; அது அவர்களுடைய உழைப்பு, 2007-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் வெளியிடும் தமிழ் மொழிபெயர்ப்புகள் வழக்கைப் புரிந்துகொள்ள உதவும். அவற்றை வைத்து வாதம் கட்ட வேண்டாம். அதிகாரபூர்வமானது ஆங்கில மூலம்தான்.

பெயர்கள் விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23 ஆவது பிரிவு. சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர் என்றால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74 ஆவது பிரிவு. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிராமம், பள்ளி, தந்தையின் தொழில் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிடும். பதிவேற்றிய தீர்ப்பில் பெயர் தவறுதலாக விடுபடாமல் இருந்தாலும் உங்கள் கட்டுரையில் இருக்கக் கூடாது.

அவதூறு இன்னொரு பக்கம். அவமதிப்பைவிட இதில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. வழக்கில் தோற்ற தரப்பு, பெயர் அடிபட்ட அதிகாரி, சாட்சி என எவரும் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்ற நடவடிக்கை பற்றிய பெருமளவு உண்மையான செய்திக்கும், முடிந்த வழக்கின் தகுதி பற்றிய நல்லெண்ணக் கருத்துக்கும் அவதூறுச் சட்டமே விலக்கு அளிக்கிறது. நக்கீரன் இதழின் ஆட்டோ சங்கர் தொடர் குறித்து 1994-இல் வந்த ராஜகோபால் வழக்குத் தீர்ப்பும் உங்களுக்குத் துணை: நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய சம்மதமும் வேண்டாம் என்றது அது. அதற்காக, விடுதலையான ஒருவரின் பெயர் ஆயுள் முழுவதும் தேடுபொறியில் குற்றத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அத்தகைய ஒருவருக்கு ஆதரவாக, தீர்ப்பை இணையத்தில் இருந்து நீக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. என் பழக்கம், விடுதலையானவரின் பெயர் சட்டக் கேள்விக்குத் தேவைப்படாவிட்டால் எழுதுவதில்லை.

தீர்ப்பைத் தாண்டி, நீதிபதிகளைப் பற்றியும் எழுதலாமா? நீதிபதியின் நடத்தையைப் பற்றிச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் விவாதிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 121, 211 ஆவது உறுப்புகள் சொல்கின்றன. நாடாளுமன்றத்தில் வரும் பதவி நீக்கத் தீர்மானம் மட்டும் விலக்கு. அந்தத் தடை உறுப்பினர்களின் அவைப் பேச்சுக்குத்தான், உங்களுக்கு அல்ல. ஓய்வுக்குப் பின் கிடைக்கும் பதவிகள், இடமாற்றம், நீதிபதிகளைத் தேர்வுசெய்யும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம், சொத்துக் கணக்கு ஆகிய எல்லாம் பொது விவாதத்துக்கு உரியவை. இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமே தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2019-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. வழக்குகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதைப் பற்றிப் பேசத் தயங்கிய காலமும் உண்டு. 2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அதையே பேசிய பிறகு, நாம் தயங்குவதற்குக் காரணம் இல்லை. நீதிபதியின் குடும்பம், சாதி, உடல்நலம் போன்றவற்றை வழக்கோடு முடிச்சுப் போடுவது மட்டும் வேண்டாம். சட்டம் என்ன சொன்னாலும் அது மலிவான எழுத்து.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பதிவுசெய்த பிறகும் எழுதலாம், சில கட்டுகளோடு. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36 ஆவது விதி வழக்கறிஞர் விளம்பரம் செய்வதையும் ஆள் பிடிப்பதையும் தடுக்கிறது. தான் ஆஜராகும் வழக்கு குறித்துப் பத்திரிகைக் கருத்து கொடுப்பதும், கொடுக்கத் தூண்டுவதும், அதற்காகத் தன் புகைப்படத்தை வெளியிடச் செய்வதும் அதில் அடக்கம். இன்றைக்கு நீதிமன்ற வாசலில் மைக் முன்னால் நடப்பதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு விதி உண்டா என்று நீங்கள் கேட்கலாம், உண்டு. இணையதளங்கள் வழியே வழக்கறிஞர் சேவையை விளம்பரப்படுத்துவதைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே நீங்களோ உங்கள் சீனியரோ வக்காலத்து போட்ட வழக்கைத் தொடாதீர்கள். கட்சிக்காரர் சொன்ன தகவல் எந்த உருவத்திலும் கட்டுரைக்குள் வரக் கூடாது, வழக்கு முடிந்த பிறகும். மற்றவர்களின் வழக்குகளில் வந்த தீர்ப்புகளைச் சட்ட நோக்கில் அலசுவது விளம்பரம் ஆகாது. பதிவுசெய்யும் நாளுக்குள் பழைய கட்டுரைகளின் அடியில் 'சட்ட ஆலோசனைக்குத் தொடர்புகொள்ள' என்று தொலைபேசி எண் ஏதாவது கொடுத்திருந்தால், அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.